இரண்டு இழைகள், எதிரெதிர்த் திசைகள்: டி.என்.ஏ.வின் அமைப்பும் இரட்டிப்பாதலும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி.என்.ஏ.வின் அமைப்பை ஒரு பாடமாகவும் அது இரட்டிப்பாகும் விதத்தை அடுத்த பாடமாகவும் பிரித்துப் படிப்பதால், இரண்டும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய செய்திகள் என்ற எண்ணம் பலருக்கு ஏற்பட்டுவிடுகிறது. உண்மையில், இரட்டிப்பாதலில் நாம் காணும் சிக்கல்களில் பெரும்பாலானவை அமைப்பிலிருந்தே பிறக்கின்றன. குறிப்பாக, இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன என்ற ஒரு செய்தியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், பெயர்களின் கூட்டமாகத் தோன்றுபவை காரண காரியத்தோடு விளங்கத் தொடங்கும். கீழே உள்ள விடைகள் அந்த நோக்கில் எழுதப்பட்டவை.

டி.என்.ஏ. எவற்றால் ஆனது?

டி.என்.ஏ. என்பது நியூக்ளியோடைடு எனப்படும் சிறிய அலகுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருவாகும் நீண்ட மூலக்கூறு. ஒவ்வொரு நியூக்ளியோடைடிலும் மூன்று பகுதிகள் உள்ளன: டிஆக்சிரைபோஸ் என்னும் ஐந்து கார்பன் சர்க்கரை, ஒரு பாஸ்பேட் தொகுதி, ஒரு நைட்ரஜன் காரம். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி இணைந்து இழையின் முதுகெலும்பாக அமைகின்றன. காரங்கள் அந்த முதுகெலும்பிலிருந்து உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. முதுகெலும்பு எங்கும் ஒரே மாதிரியானது என்பதால் அதில் செய்தி எதுவும் இல்லை. அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்ற நான்கு காரங்கள் எந்த வரிசையில் அமைந்திருக்கின்றன என்பதே மரபுச் செய்தி.

இழைக்குத் திசை உண்டு என்கிறார்கள். 5′, 3′ என்ற குறிகள் எதைக் குறிக்கின்றன?

சர்க்கரையில் உள்ள ஐந்து கார்பன் அணுக்களுக்கும் 1′ முதல் 5′ வரை எண்கள் இடப்பட்டுள்ளன. ஒரு நியூக்ளியோடைடின் 3′ கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி, அடுத்த நியூக்ளியோடைடின் 5′ கார்பனோடு ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டுடன் இணைகிறது. இவ்வாறு இணைந்துகொண்டே போகும் சங்கிலியின் ஒரு முனையில் 5′ பாஸ்பேட்டும் மறுமுனையில் 3′ ஹைட்ராக்சிலும் எஞ்சி நிற்கும். ஆகவே ஓர் இழையின் இரு முனைகளும் வேதியியல் அடிப்படையில் ஒன்றல்ல. எழுத்து வரிசையை இடமிருந்து வலமாகப் படிப்பதுபோல, டி.என்.ஏ. இழையையும் 5′ முனையிலிருந்து 3′ முனை நோக்கிப் படிப்பது மரபு.

இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கி நிற்கும் இரட்டைச் சுருளில் ஓர் இழை மேலிருந்து கீழாக 5′ இலிருந்து 3′ நோக்கி ஓடினால், அதன் துணை இழை கீழிருந்து மேலாக ஓடுகிறது. இதனை எதிர்இணை அமைப்பு என்பர். ஏணியை முறுக்கியது போன்ற படத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த ஏணியின் இரு கால்களும் எதிரெதிர்த் திசை கொண்டவை என்பதைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதிக்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் மட்டுமே இணைவது ஏன்?

இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து செயல்படுகின்றன. முதலாவது அளவு. அடினைனும் குவானைனும் இரட்டை வளையம் கொண்ட பியூரின்கள். சைட்டோசினும் தைமினும் ஒற்றை வளையம் கொண்ட பிரிமிடின்கள். சுருளின் அகலம் எங்கும் ஏறக்குறைய 2 நானோமீட்டராகவே இருக்கிறது. இரண்டு பியூரின்கள் எதிரெதிரே வந்தால் இடம் போதாது, இரண்டு பிரிமிடின்கள் வந்தால் இடைவெளி மிகுந்துவிடும். ஒரு பெரியதும் ஒரு சிறியதும் சேர்ந்தால்தான் அகலம் சீராக அமையும். இரண்டாவது காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. அடினைனும் தைமினும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், குவானைனும் சைட்டோசினும் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளாலும் பொருந்துகின்றன. அணுக்கள் அமைந்துள்ள இடங்கள் வேறு இணைகளை எளிதில் அனுமதிப்பதில்லை.

இந்தப் பொருத்தத்தின் அடையாளத்தை, காரணம் தெரியாத நிலையிலேயே, எர்வின் சார்காஃப் 1950ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். எந்த உயிரினத்தின் டி.என்.ஏ.வை எடுத்தாலும் அடினைனின் அளவு தைமினுக்கும், குவானைனின் அளவு சைட்டோசினுக்கும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. மனிதரில் முதல் இரண்டும் ஒவ்வொன்றும் 30 விழுக்காடு அளவிலும், மற்ற இரண்டும் 20 விழுக்காடு அளவிலும் உள்ளன.

ஒரு சிறு திருத்தத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரட்டைச் சுருளைத் தாங்கி நிற்பது ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். அடுக்கிய நாணயங்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் காரங்களுக்கு இடையிலான ஈர்ப்பே நிலைத்தன்மைக்குப் பெரும்பங்கு அளிக்கிறது. எது எதனோடு சேர வேண்டும் என்ற தேர்வில்தான் ஹைட்ரஜன் பிணைப்புகளின் பங்கு முதன்மையானது.

இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர்கள் யார்?

இரட்டைச் சுருள் மாதிரியை ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் கேம்பிரிட்ஜில் உருவாக்கி, 1953 ஏப்ரல் 25 அன்று வெளியிட்டார்கள். ஆனால் அதை இருவரின் சாதனையாக மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. டி.என்.ஏ. என்ற பொருளை 1869இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் பிரீட்ரிக் மீஷர். அதுவே மரபுப்பொருள் என்பதற்கு வலுவான சான்றை 1944இல் ஆஸ்வால்ட் ஏவரி, கோலின் மெக்லியோட், மக்லின் மெக்கார்ட்டி ஆகியோர் அளித்தார்கள். சுருளின் அளவுகளை உறுதிப்படுத்த உதவிய எக்ஸ் கதிர்ப் படங்கள் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளின் மேற்கொண்ட ஆய்வில் கிடைத்தவை. அவருடைய வழிகாட்டுதலில் ரேமண்ட் காஸ்லிங் 1952இல் எடுத்த 51ஆம் எண் படத்தை, பிராங்க்ளின் அறியாமலேயே மாரிஸ் வில்கின்ஸ் வாட்சனிடம் காட்டினார். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றபோது பிராங்க்ளின் உயிரோடு இல்லை. 1958இல், தமது 37ஆம் வயதில் அவர் இறந்துவிட்டார். இந்த வரலாற்றைச் சொல்லும் எவரும் அவருடைய பெயரை அடிக்குறிப்பாக ஒதுக்காமல் நடுவில் வைத்தே சொல்ல வேண்டும்.

ஒரு செல்லில் எவ்வளவு நீளமான டி.என்.ஏ. இருக்கிறது?

அடுத்தடுத்த இரு காரஇணைகளுக்கு இடையிலான தொலைவு 0.34 நானோமீட்டர், சுருள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குச் சுமார் 10 இணைகள் தேவை. மனித உடற்செல் ஒன்றில் இரு பெற்றோரிடமிருந்தும் வந்த குரோமோசோம்களைச் சேர்த்தால் 600 கோடிக்கும் மேற்பட்ட காரஇணைகள் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வருகிறது. இது மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாத உட்கருவுக்குள் அடங்குவதற்குக் காரணம், ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் டி.என்.ஏ. நூற்கண்டுபோலச் சுற்றப்பட்டிருப்பதே. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு திரளின்மேல் 147 காரஇணைகள் சுற்றிக்கொள்கின்றன. அவ்வாறான மணிகள் மேலும் மடிந்து குரோமோசோம் ஆகின்றன.

இரட்டிப்பாகும்போது பழைய மூலக்கூறு அப்படியே இருந்து, புதிதாக ஒன்று தனியே உருவாகிறதா?

இல்லை. இரண்டு பழைய இழைகளும் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு புதிய துணை இழைக்கு அச்சாக அமைகிறது. உருவாகும் இரு மூலக்கூறுகளிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. இதனைப் பாதி பழமை பேணும் முறை என்பார்கள்.

இதை மேத்யூ மெசல்சனும் பிராங்க்ளின் ஸ்டாலும் 1958இல் நிறுவிய விதம் உயிரியலின் அழகிய சோதனைகளுள் ஒன்று. எ.கோலி பாக்டீரியாவை, எடை மிகுந்த நைட்ரஜன் 15 மட்டுமே கிடைக்கும் ஊடகத்தில் பல தலைமுறைகள் வளர்த்து, அதன் டி.என்.ஏ. முழுவதையும் கனமாக்கினார்கள். பிறகு அந்தச் செல்களைச் சாதாரண நைட்ரஜன் 14 உள்ள ஊடகத்துக்கு மாற்றி, ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ.வை எடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் மிக வேகமாகச் சுழற்றி, அடர்த்தி வாரியாகப் பிரித்தார்கள். பழைய மூலக்கூறு மாறாமல் இருந்திருந்தால், முதல் தலைமுறையில் கனமானதும் லேசானதுமாக இரண்டு பட்டைகள் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியதோ, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரே பட்டை. பழையதும் புதியதும் ஒவ்வோர் இழையிலும் துண்டு துண்டாகக் கலந்துவிடுகின்றன என்ற மாற்றுக் கருத்தும் அப்போது இருந்தது. இரண்டாம் தலைமுறையில் இடைப்பட்ட பட்டையும் முற்றிலும் லேசான பட்டையும் சம அளவில் தோன்றியதால், அந்தக் கருத்தும் நீங்கியது.

இரட்டிப்பாதல் எங்கே தொடங்குகிறது? எவ்வளவு நேரம் ஆகும்?

தொடக்க இடம் எனப்படும் குறிப்பிட்ட பகுதிகளில் இழைகள் திறந்துகொள்கின்றன. அங்கிருந்து இரு புறமும் கவை போன்ற பிளவுகள் நகர்ந்து செல்கின்றன. எ.கோலியின் வட்ட வடிவ டி.என்.ஏ.வில் 46 லட்சம் காரஇணைகள் உள்ளன. தொடக்க இடம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கவையும் நொடிக்குச் சுமார் 1,000 நியூக்ளியோடைடுகள் என்ற வேகத்தில் செல்வதால், ஏறக்குறைய 40 நிமிடங்களில் வேலை முடிகிறது.

மனிதச் செல்களில் வேகம் நொடிக்குச் சுமார் 50 நியூக்ளியோடைடுகளே. நம்முடைய முதல் குரோமோசோமில் மட்டும் 24 கோடிக்கு மேற்பட்ட காரஇணைகள் உள்ளன. ஒரே ஓர் இடத்தில் தொடங்கி இரு புறமும் சென்றால், அதை முடிக்க நான்கு வாரங்களாவது ஆகும். பல்லாயிரக்கணக்கான தொடக்க இடங்கள் இருப்பதால்தான், ஒரு செல் வளர்ந்து இரண்டாகப் பிரியும் செல்சுழற்சியில், டி.என்.ஏ. நகலெடுக்கப்படும் எஸ் நிலையில் சுமார் 8 மணி நேரத்துக்குள் அனைத்தும் இரட்டிப்பாகிவிடுகின்றன. ஒரு சுழற்சியில் ஒரு தொடக்க இடம் ஒரு முறைக்கு மேல் இயங்காதபடி தனிக் கட்டுப்பாடும் உண்டு.

முறுக்கிக் கிடக்கும் இழைகள் சிக்கலாகிவிடாதா?

ஆகும், அதைத் தீர்ப்பதற்கென்றே நொதிகள் இருக்கின்றன. இரண்டு புரிகள் முறுக்கிய கயிற்றை நடுவில் பிரித்து இழுத்துப் பாருங்கள்: பிரித்த இடத்துக்கு முன்னால் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். நொடிக்கு 1,000 இணைகள் பிரிகின்றன என்றால், நொடிக்கு 100 சுற்று முறுக்கு அவிழ்ந்தாக வேண்டும். இழைகளைப் பிரிப்பது ஹெலிகேஸ். கவைக்கு முன்னால் சேரும் முறுக்கை, இழையை வெட்டி, சுழல விட்டு, மீண்டும் ஒட்டிவிடும் டோப்போஐசோமரேஸ் தணிக்கிறது. பிரிந்த இழைகள் மீண்டும் சேர்ந்துவிடாதபடி, ஒற்றை இழையோடு பிணையும் புரதங்கள் அவற்றைப் போர்த்திக் காக்கின்றன.

பிரைமர் எதற்காகத் தேவைப்படுகிறது?

புதிய இழையைக் கட்டும் டி.என்.ஏ. பாலிமரேஸை 1950களின் நடுவில் ஆர்தர் கோன்பெர்க் கண்டறிந்தார். அந்த நொதிக்கு ஒரு வரம்பு உண்டு. ஏற்கெனவே இருக்கும் 3′ முனையில்தான் அது அடுத்த நியூக்ளியோடைடைச் சேர்க்கும். வெற்றிடத்தில் முதல் நியூக்ளியோடைடை வைத்துத் தொடங்க அதனால் இயலாது. ஆகவே பிரைமேஸ் என்னும் நொதி சுமார் பத்து நியூக்ளியோடைடு நீளமுள்ள ஆர்.என்.ஏ. (டி.என்.ஏ.வைப் போன்ற இன்னொரு நியூக்ளியோடைடுச் சங்கிலி) துண்டு ஒன்றை முதலில் அமைத்துக் கொடுக்கிறது. அதுவே பிரைமர். வேலை முடிந்தபின் அது நீக்கப்பட்டு, அந்த இடம் டி.என்.ஏ.வால் நிரப்பப்படுகிறது.

ஓர் இழை தொடர்ச்சியாகவும் மற்றது துண்டு துண்டாகவும் உருவாவது ஏன்?

இழைகளின் திசை இங்குதான் தன் விளைவைக் காட்டுகிறது. பாலிமரேஸ் புதிய இழையை 5′ இலிருந்து 3′ நோக்கி மட்டுமே நீட்டும். கவை ஒரு திசையில் திறந்துகொண்டு போகிறது. அச்சாக நிற்கும் இரு பழைய இழைகளோ எதிரெதிர்த் திசை கொண்டவை. ஆகவே ஓர் இழையின்மேல், கவை திறக்கும் திசையிலேயே பாலிமரேஸ் தடையின்றிச் செல்ல முடிகிறது. அதில் உருவாவது முன்செல்லும் இழை. மற்ற இழையின்மேல் பாலிமரேஸ் கவைக்கு எதிர்த் திசையில்தான் செல்ல வேண்டும். கவை சற்றுத் திறந்ததும் ஒரு பிரைமரிலிருந்து பின்னோக்கி ஒரு துண்டு உருவாகிறது. மேலும் திறந்ததும் புதிய பிரைமரிலிருந்து இன்னொரு துண்டு உருவாகிறது. இது பின்தங்கும் இழை.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகசாகியும் அவருடைய மனைவி சுனேகோ ஒகசாகியும் தம் குழுவினரோடு 1960களில் கண்டறிந்த இந்தத் துண்டுகள், ஒகசாகி துண்டுகள் என்று அழைக்கப்படுகின்றன. பாக்டீரியாவில் அவை 1,000 முதல் 2,000 நியூக்ளியோடைடு நீளமும், மனிதர் போன்ற உயிரினங்களில் 100 முதல் 200 நியூக்ளியோடைடு நீளமும் கொண்டவை. பிரைமர்கள் நீங்கி இடைவெளிகள் நிரம்பியபின், லிகேஸ் நொதி துண்டுகளை ஒட்டி ஒரே இழையாக்குகிறது.

எதிர்த் திசையிலும் கட்டக்கூடிய ஒரு பாலிமரேஸ் இருந்திருந்தால் இவ்வளவு சுற்றுவழி தேவைப்பட்டிருக்காதே?

மிக நல்ல கேள்வி. இதற்கான விடை ஆற்றலிலும் பிழைதிருத்தத்திலும் இருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு நியூக்ளியோடைடும் தன் 5′ பக்கத்தில் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்து வருகிறது. அவற்றுள் இரண்டு கழன்று விழும்போது வெளிப்படும் ஆற்றலே பிணைப்பை உருவாக்குகிறது. அதாவது, சேர்வதற்கான ஆற்றலை வருகின்ற அலகே கொண்டு வருகிறது. தவறான அலகு சேர்ந்துவிட்டால் பாலிமரேஸ் அதை வெட்டி எறிந்துவிட்டு, அதே 3′ முனையில் சரியானதைச் சேர்க்கலாம். வளர்ச்சிக்குத் தடை இல்லை.

எதிர்த் திசையில் வளர்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஆற்றல் தரும் மூன்று பாஸ்பேட்டுகளும் வளரும் இழையின் முனையில் இருக்க வேண்டும். முனையில் தவறான அலகு சேர்ந்து, அதை வெட்டி எடுத்தால், அதனோடு ஆற்றலும் போய்விடும். எஞ்சும் முனையில் அடுத்த அலகைச் சேர்க்க வழியில்லாமல் வளர்ச்சி நின்றுவிடும். பிழையைத் திருத்திக்கொள்ளும் வசதியை இழக்காமல் இருப்பதற்குச் செல் கொடுக்கும் விலையே ஒகசாகி துண்டுகள் என்று பொதுவாக விளக்கப்படுகிறது. எனக்கும் அதுவே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

நகலெடுக்கும்போது எவ்வளவு பிழைகள் நேர்கின்றன?

பாலிமரேஸ் சரியான காரத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் லட்சத்தில் ஒன்று என்ற அளவில் பிழை நேர்கிறது. சேர்த்தவுடன் சரிபார்த்து வெட்டும் அதன் திறன் இதைக் கோடியில் ஒன்று என்ற அளவுக்குக் குறைக்கிறது. அதற்கும் தப்பியவற்றை, பொருந்தா இணைகளைத் தேடித் திருத்தும் தனி நொதிகள் கவனித்துக்கொள்வதால், இறுதியில் நூறு கோடியில் ஒன்று அல்லது அதனினும் குறைவான பிழையே எஞ்சுகிறது.

பொருந்தாத இணை ஒன்றைக் கண்டால், இரண்டில் எது தவறு என்பது எப்படித் தெரியும்? எ.கோலியில் பழைய இழையின் குறிப்பிட்ட அடினைன்களில் மெத்தில் தொகுதிகள் ஒட்டப்பட்டிருக்கும். புதிய இழையில் அவை ஒட்டப்படுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவேளையில் குறி இல்லாத இழையே புதியது என்று கொண்டு அதில் உள்ள பிழை திருத்தப்படுகிறது. டி.என்.ஏ. பழுதுபார்ப்பை விளக்கியதற்காகத் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அசீஸ் சாஞ்சார் ஆகியோருக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குரோமோசோமின் முனைகளில் என்ன ஆகிறது?

பின்தங்கும் இழையின் கடைசிப் பிரைமர் நீங்கியபின், அந்த இடத்தை நிரப்பப் பிடித்துக்கொள்ள 3′ முனை எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் குரோமோசோம் சற்றுக் குறுகுகிறது. வட்ட வடிவ டி.என்.ஏ. கொண்ட பாக்டீரியாக்களுக்கு முனையே இல்லாததால் இந்தச் சிக்கலும் இல்லை. நம் குரோமோசோம்களின் முனைகளில் டெலோமியர் எனப்படும், ஒரே ஆறெழுத்து வரிசை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் உள்ளன. தேய்வது அந்தப் பகுதிதான், மரபணுக்கள் அல்ல. இனச்செல்களை உருவாக்கும் செல்களில் டெலோமரேஸ் என்னும் நொதி தேய்ந்த பகுதியை மீண்டும் நீட்டுகிறது. பெரும்பாலான உடற்செல்களில் அது ஏறக்குறைய அடங்கியிருக்கிறது. பெரும்பான்மையான புற்றுநோய்ச் செல்களில் மீண்டும் விழித்துக்கொள்கிறது. இத்துறையில் செய்த பணிக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகியோர் 2009இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதிலாக யுராசில் என்னும் காரம் இருக்க, டி.என்.ஏ.வில் மட்டும் தைமின் ஏன்?

சைட்டோசின் நீருடன் வினைபுரிந்து தானாகவே யுராசிலாக மாறிவிடும் இயல்புடையது. டி.என்.ஏ.வில் யுராசில் இயல்பான எழுத்தாக இருந்திருந்தால், எது உண்மையான யுராசில், எது கெட்டுப்போன சைட்டோசின் என்று பிரித்தறிய முடியாது. தைமின் இருப்பதால், தென்படும் ஒவ்வொரு யுராசிலையும் பழுது என்று கொண்டு நீக்கிவிடலாம்.

சோதனைக் குழாயில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையிலும் ஒகசாகி துண்டுகள் உருவாகுமா?

உருவாவதில்லை. 1983இல் கேரி முல்லிஸ் வகுத்த இந்த முறையில், ஹெலிகேஸின் வேலையை வெப்பம் செய்கிறது. சுமார் 95 பாகை செல்சியசில் இரு இழைகளும் முழுவதுமாகப் பிரிந்துவிடுகின்றன. சிறிது சிறிதாகத் திறக்கும் கவை என்று எதுவும் இல்லை. நாமே சேர்த்த இரண்டு டி.என்.ஏ. பிரைமர்கள், குளிர்விக்கும்போது, நமக்கு வேண்டிய பகுதியின் இரு எல்லைகளிலும் ஒன்றையொன்று நோக்கியவாறு ஒவ்வோர் இழையில் ஒட்டிக்கொள்கின்றன. வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த, வெப்பத்தைத் தாங்கும் பாலிமரேஸ், சுமார் 72 பாகையில் இரு இழைகளையும் ஒரே மூச்சில் நகலெடுத்துவிடுகிறது. இழைகள் முன்கூட்டியே முழுமையாகப் பிரிந்திருப்பதால், இரண்டில் எதுவும் மற்றதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கொள்கை அளவில் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. 30 சுற்றுகளில் ஒரு மூலக்கூறு நூறு கோடிக்கும் மேற்பட்டதாகப் பெருகக்கூடும்.